கிளெப்போன் இன்னும் சாப்பிடவில்லை

எட்டாம் நாள் மாலை, பள்ளிவாசலின் ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகு, வெனிங் ஒரு செத்த சுண்டெலியை இடுக்கியில் பிடித்தபடி படுக்கையறையின் நடுவில் நின்றாள். எலியை வெந்நீரில் போட்டு உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, துணியில் ஒற்றி, வால் நுனிவரை ஈரம் போகத் துடைத்திருந்தாள். இடுக்கி இரண்டடி நீளம். அதைவிட நீளமானது சலாத்திகா நகரச் சந்தையில் கிடைக்கவில்லை.

தரையில் இருந்த பிளாஸ்டிக் பெட்டியின் மூடியை விளக்குமாற்றுக் கட்டையால் தள்ளித் திறந்தாள். உள்ளே கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டையின் அடியில் ஒரு சின்னத் தலை தெரிந்தது. கட்டைவிரல் நகத்தளவுதான். பழுப்பில் பொன்னிறத் திட்டு. அது எலியைப் பார்த்ததா, அவளைப் பார்த்ததா என்று சொல்ல முடியவில்லை. நாக்கு ஒருமுறை வெளியே வந்து காற்றைத் தொட்டுவிட்டு உள்ளே போயிற்று. பின்னாலேயே தலையும் போயிற்று.

கால் மணி நேரம் நின்றாள். கை மரத்துப்போனது. எலி ஆறிப்போனது. மூடியைப் போட்டு, நான்கு கொக்கிகளையும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அட்டையில் எழுதினாள்: எட்டாம் நாள். சுண்டெலி ஒன்று, சூடாக. சாப்பிடவில்லை.

அட்டையில் கட்டம் போட்டுக் கொடுத்தவன் அவள் கணவன் சேனோ. நாள், தீனி, சூடு, சட்டை உரித்தல், குறிப்பு என்று ஐந்து பத்திகள். "பாம்பு பேசாது, அட்டைதான் பேசும். பாத்தது செஞ்சது எல்லாத்தையும் எழுதிடு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவளும் எழுதினாள். காலை ஐந்தரைக்குச் சூடு தரும் விளக்கின் பக்கம் முப்பத்தொரு டிகிரி, மறுபக்கம் இருபத்தாறு. தண்ணீர் மாற்றியாயிற்று. சிரட்டை ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எழுதினாள்.

சேனோ கைபேசிக் கோபுரங்களில் ஏறி வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு நகரச் சதுக்கத்தில் பாய் விரித்துப் பாம்புகளோடு உட்காருவான். போகிற வருகிறவர்கள் கழுத்தில் பாம்பைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, தோழிகள் வெனிங்கைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். சேனோ ஒரு மலைப்பாம்பை எடுத்து அவள் தோளில் வைத்தான். அவளுக்கு முன்னால் வந்த பெண்கள் வீல் வீலென்று கத்தி ஓடியிருந்தார்கள். இவள் கத்தவில்லை. கண்ணைக்கூட இமைக்கவில்லை. அவன் அன்றே அவளுடைய கைபேசி எண்ணை வாங்கிவிட்டான். "இப்படி ஒரு தைரியசாலியைப் பார்த்ததில்லை" என்று கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னான். அன்று எடுத்த படம் சட்டம் போட்டுக் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது.

உண்மை வேறு. ஒன்பது வயதில் ஒரு காலை, குளியல் தொட்டியில் மிதந்த, மொண்டு ஊற்றும் குவளையை எடுக்கக் கையை விட்டாள். குவளையின் கைப்பிடியோடு சேர்ந்து இன்னொன்றும் மேலே வந்து அவள் மணிக்கட்டைச் சுற்றியது. அது தண்ணீர்ப் பாம்பு, விஷமில்லை என்று பிறகு சொன்னார்கள். அவள் கத்தவில்லை. அம்மா கதவை இடித்துத் திறக்கும்வரை கையை நீட்டியபடி நின்றாள். அது எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து அவளுடைய பயம் இப்படித்தான். கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், இமை மூடாது, குரல் எங்கோ அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்கிறவர்களுக்கு அது தைரியம் போலத் தெரியும்.

சொல்லிவிட நாள் இல்லாமல் இல்லை. நிச்சயத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம், கல்யாணத்துக்குப் பின்னால் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் போகப் போகச் சொல்வது கடினமாகிக்கொண்டே வந்தது. பிறகு கல்யாணமாகி ஒரு வருடம் நிறைந்த நாள் வந்தது. சேனோ ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

"இது உனக்கு. நம்மள சேத்து வெச்சதே பாம்புதானே. பேர் நீயே வை."

ஆப்பிரிக்க மலைப்பாம்பின் குட்டி. அரை மீட்டர்கூட இல்லை. பயத்தில் தன்னைத் தானே சுற்றி, தலையை நடுவில் ஒளித்து, உருண்டையாகக் கிடந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, வெல்லம் வைத்து உருட்டிய பலகாரத்தின் பெயரைச் சொன்னாள். கிளெப்போன். சேனோ சிரித்து மாளவில்லை. மூன்றாம் நாள் கடல் தாண்டிக் கலிமந்தான் தீவில் ஆறு வார வேலைக்குக் கிளம்பிவிட்டான். ஒரு வாரம் தொடாதே, எட்டாம் நாள் தீனி கொடு, குட்டிகள் சீக்கிரம் மெலியும், தள்ளிப்போடாதே என்றெல்லாம் சொன்னவன், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "உன்னை நம்பித்தான் அது இருக்கு" என்றான்.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. முன்னறையில் மோட்டார் சைக்கிள் நின்றது, படுக்க இடமில்லை. பாம்போடு ஒரே அறையில் கிடந்தாக வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் சேனோ பற்றவைப்புக் கம்பியால் சுட்டுப் போட்ட பன்னிரண்டு துளைகள் இருந்தன. அவை பென்சில் நுழையும் அளவுதான். ஆனால் அறை விளக்கை அணைத்ததும் அவள் மனதில் அவை பெரிதாகிக்கொண்டே போயின. கட்டில் காலில் ஏதோ உரசுவது போல இருந்தது. எழுந்து பார்த்தால் சேனோவின் இடுப்புப் பட்டை ஆணியிலிருந்து தொங்கியது.

மறுநாள் ஒரு பாக்கெட் பாச்சை உருண்டை வாங்கி வந்தாள். குளியல் தொட்டிச் சம்பவத்துக்குப் பிறகு அம்மா வீட்டில் சாக்கடை வாய், ஜன்னல், கதவிடுக்கு என்று எங்கும் பாச்சை உருண்டையைக் கட்டித் தொங்கவிட்டாள். பதினான்கு வருடம் ஒரு பாம்பும் அந்தப் பக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டில் உருண்டை எதுவும் கட்டவில்லை. அங்கேயும் பாம்பு வரவில்லை. அதை வெனிங் ஒருநாளும் யோசித்ததில்லை. வலைத்துணியை வெட்டிப் பன்னிரண்டு முடிச்சு போட்டாள். ஒவ்வொரு துளையின் வாயிலும் ஒன்றாக ஒட்டினாள். கதவின் அடியிடுக்கில் துண்டைத் திணித்தாள். மெர்பாபு மலைக்காற்று வருகிற ஜன்னலை ஏற்கெனவே சூட்டுக்காகச் சாத்தி வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் தூங்கினாள்.

அட்டையில் எழுதாமல் விட்டது இதைத்தான்.

பதிமூன்றாம் நாள் சாப்பிடவில்லை. பதினெட்டாம் நாள் சிரட்டையை விட்டே வரவில்லை. சேனோ வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோதான் பேசினான். கோபுரம் இன்னும் எழும்பாததால் கோபுரம் கட்டுகிறவனுக்கே சிக்னல் இல்லை. அங்கே யாருடைய மோட்டார் சைக்கிளையாவது வாங்கிக்கொண்டு ஒரு மேட்டுக்குப் போய்ப் பேசுவான். சாப்பிட்டதா என்பான். இன்னும் இல்லை மஸ் என்பாள், கணவனை அப்படித்தான் கூப்பிடுவாள். புது இடம், பழகட்டும் என்பான். "உனக்கு அதுங்கள பத்திப் பயமில்லாததால எனக்கு இங்க நிம்மதியா இருக்கு" என்று முடிப்பான். கைபேசியை வைத்ததும் அவள் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள்.

ஞாயிறுதோறும் பமுஜி வந்தான். சேனோவின் பாம்புக் கூட்டாளி, தீனிக்கென்று எலி வளர்த்து விற்பவன். வாயில் கிராம்புச் சிகரெட் புகைந்துகொண்டே இருக்கும். அவன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெனிங் ஜன்னலைத் திறந்துவிட்டு, பன்னிரண்டு முடிச்சுகளையும் பிய்த்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிக் குளியலறையில் ஒளித்துவைப்பாள். அவன் போனதும் திரும்ப ஒட்டுவாள்.

பமுஜி பாம்பை அலட்சியமாகக் கையில் எடுத்துத் தராசுத் தட்டில் வைப்பான். வந்த அன்று தொண்ணூற்றாறு கிராம். பதினைந்தாம் நாள் தொண்ணூறு. இருபத்திரண்டாம் நாள் எண்பத்திநான்கு. செத்த எலி பிடிக்கவில்லையோ என்று உயிருள்ள சுண்டெலி ஒன்றை உள்ளே விட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தான். எலி பெட்டியை இரண்டு சுற்று சுற்றியது. மீசையைத் துடைத்தது. பிறகு சிரட்டைக்குள் நுழைந்து பாம்பின் மேலேயே சுருண்டு தூங்கிவிட்டது.

"ம்பாக், இதுங்களுக்கு நாமளே கல்யாணம் பண்ணி வெச்சிடலாம் போல" என்றான் பமுஜி. தன்னைவிட வயதில் சின்னவளானாலும் நண்பன் மனைவி என்பதால் அவளை அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

வெனிங்குக்குச் சிரிப்பு வரவில்லை. எலி போகிற வருகிற சூடு தெரிந்தும் வாயைத் திறக்காத பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தொன்பதாம் நாள் தராசு எழுபத்தேழு காட்டியது. பமுஜி சிகரெட்டை அணைத்தான். பாம்பின் முதுகெலும்பு மேட்டை விரலால் தடவிப் பார்த்தான். அது கூரை முகடு போல எழும்பியிருந்தது. அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். விளக்கு அணைந்ததா? யாராவது எடுத்து விளையாடினார்களா? பெட்டியை இடம் மாற்றினீர்களா?

"அறைல ஏதாவது அடிச்சீங்களா? கொசு மருந்து, பெயிண்ட், சென்ட்டு?"

"இல்ல."

"லேசா ஒரு வாடை வருதே."

"துணி அலமாரி."

அவன் தலையாட்டிவிட்டான். எந்த வீட்டுத் துணி அலமாரியில்தான் அந்த வாடை இல்லை.

"சனிக்கிழமைவரை பாப்போம். அதுக்குள்ள தின்னலன்னா குழாயோட வரேன். தொண்டை வழியா எறக்கிடலாம்."

"பிழைச்சிடுமா?"

"அஞ்சு குட்டிக்குப் பண்ணிருக்கேன். ரெண்டு பிழைச்சுது."

அவன் எலி டப்பாவை மூடுவதில் கவனமாக இருந்தான்.

அன்று முதல் அவள் பயம் இரண்டாயிற்று. இதுவரை அது வெளியே வந்துவிடுமோ என்று பயந்தவள், இனி அது வெளியே வரவே வராதோ என்றும் பயந்தாள். விடிகாலையில் டார்ச் அடித்துப் பெட்டிக்குள் பார்ப்பாள். அசைவு தெரியாவிட்டால் விளக்குமாற்றுக் கட்டையால் பெட்டியைத் தட்டுவாள். அசைவு தெரிந்தால் கட்டிலில் ஏறிக்கொள்வாள். செத்துப்போன பாம்பைச் சேனோவின் கையில் கொடுப்பது போலவும், அவன் மேலே தொங்கும் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பது போலவும் வேலைக்கு நடுவில் தோன்றிக்கொண்டே இருந்தது. அவள் வேலை, எடைக்குத் துணி வெளுக்கும் கடையில். காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை இஸ்திரி போட்ட துணிகளின் மேல் வாசனைத் தண்ணீர் தெளித்துப் பொட்டலம் கட்டுவாள். பழத்தோட்டம், மல்லிகை, குழந்தைப் பவுடர் என்று பத்து வாசனைகள். முதல் மாதத்தில் பத்தையும் பிரித்துச் சொல்ல முடிந்தது. இப்போது எதுவும் தெரிவதில்லை.

திங்களன்று தலைவலி தொடங்கியது. செவ்வாயன்று குமட்டல். புதன்கிழமை பாதி வேலையில் கடைக்காரம்மாவே வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அடுத்த வீட்டு இபு குஸ்தினா, அதாவது குஸ்தினா அம்மா, தெருமுனையில் காலைக் கஞ்சி விற்பவள். சுவர் ஓரமாகத் தள்ளாடி வந்த வெனிங்கைப் பார்த்ததும், உடம்பில் காற்று புகுந்துவிட்டது, சுரண்டிவிட்டால் போய்விடும் என்று எண்ணெய்க் கிண்ணத்தையும் ஒரு பழைய காசையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வந்தவள் படுக்கையறை வாசலில் நின்றுவிட்டாள். தலைத்துணியின் நுனியை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன பொண்ணே இது. மையித்தைக் குளிப்பாட்டிக் கற்பூரம் வெச்ச அறை மாதிரி வாடை."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே இபு."

"உனக்கு எங்க தெரியும். நாள் பூரா சென்ட்டுல முங்கிக் கிடக்கிற மூக்கு."

வெனிங் பாயில் குப்புறப் படுத்தாள். இபு குஸ்தினா காசை எண்ணெயில் தோய்த்து முதுகெலும்பிலிருந்து விலாப்பக்கமாக இழுத்தாள். எரிந்தது. இந்த வாடையில் படுத்துக் கிடந்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும் என்று திட்டிக்கொண்டே இழுத்தாள். "கோடு எப்படிச் செவந்து வருது பாரு, உள்ள எவ்வளவு காத்து. வாந்தி வர மாதிரி இருக்குங்கிற. வராம? எனக்கே இங்க ஒரு வாய் சோறு எறங்காது."

வெனிங்கின் முகம் தரையோடு இருந்தது. ஒரு கை தூரத்தில், அதே தரையில், பெட்டி இருந்தது. அதன் துளைகளும் அவள் கண்களும் ஒரே உயரத்தில் இருந்தன. பன்னிரண்டு துளைகளின் வாயிலும் பன்னிரண்டு வெள்ளை முடிச்சுகள்.

இபு குஸ்தினாவும் அப்போதுதான் அவற்றைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, அதுக்காகவா. நல்லதுதான். பாம்பு கிட்ட வராது. இன்னும் ரெண்டு பாக்கெட் வாங்கி வை."

"பாம்பு உள்ளதானே இபு இருக்கு."

"அப்ப வெளிய வராது."

கிழவி தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போன பிறகும் வெனிங் எழுந்திருக்கவில்லை. வாடை தாங்காமல் ஓடிவிட வேண்டும் என்றுதான் வாசலில் உருண்டையைக் கட்டுகிறார்கள். ஓட இடமில்லாத பாம்பைச் சுற்றிக் கட்டினால்? நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் அது எலியை அறிய வேண்டும் என்று பமுஜி முதல் வாரமே சொல்லியிருந்தான். இருபத்தெட்டு நாளாக அது நாக்கை நீட்டிய போதெல்லாம் தொட்டது அவள் பயத்தை.

யாருக்கும் தெரியாமல் உருண்டைகளை எடுத்துப் போட்டுவிடலாம். அட்டையில்தான் அவை இல்லையே. வெகுநேரம் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அது வெறும் வாடை இல்லாமல் விஷமாகவும் இருந்து, சனிக்கிழமை பமுஜி தெரியாமல் குழாயை இறக்கினால் என்ன ஆகும் என்றும் நினைத்தாள். கைபேசியை எடுத்து அவனுக்கு எழுதினாள். நான்கு தடவை அழித்து எழுதியதில் மிஞ்சியது இரண்டு வரி.

பமுஜி உடனே கூப்பிட்டான். கேலி செய்யவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"பெட்டிய மாத்துங்க. கழுவினாலும் போகாது, பிளாஸ்டிக்ல ஏறிடும். புதுசு வாங்கித் துளை போடுங்க. சிரட்டையும் புதுசு. ஜன்னலத் தொறந்து வையுங்க, விளக்க மட்டும் கிட்டத் தள்ளுங்க. ரெண்டு நாள் கழிச்சு எலி குடுங்க."

"பாம்ப நீங்க வந்து..."

"நான் செமாராங்ல இருக்கேன் ம்பாக், சனிக்கிழமைதான் வர முடியும். கையாலதான் எடுக்கணும். இடுக்கி போட்டீங்கன்னா இந்த மெலிவுக்கு எலும்பு ஒடஞ்சிடும். சேனோகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"நான் சொல்ல மாட்டேன். அது உங்க பாடு."

கடைக்குப் போய்ப் புதுப் பெட்டி வாங்கினாள். சேனோவின் பற்றவைப்புக் கம்பியைச் சூடேற்றிப் பழையதைப் போலவே பன்னிரண்டு துளை போட்டாள். புகை கண்ணைக் கரித்தது. ஒவ்வொரு துளையாகத் திறக்கும்போதும், தான் வைத்த காவலைத் தானே கலைப்பது போல இருந்தது. காகிதம் விரித்து, புதுச் சிரட்டையைக் கவிழ்த்து, தண்ணீர் வைத்தாள். எல்லாம் முடிந்து, செய்வதற்கு ஒன்றுதான் பாக்கி என்றானபோது வெளியே வெயில் சாய்ந்துவிட்டது.

பழைய சிரட்டையைத் தூக்கினாள். கிளெப்போன் உருண்டையாகக் கிடந்தது. தலை தெரியவில்லை. அவள் கை பெட்டியின் விளிம்புவரை போய் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விட்டாள்.

வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். உலர்ந்திருந்தது. ஒரு கோழிமுட்டையைவிடக் கொஞ்சம்தான் கனம். உருண்டையை உள்ளங்கையில் வைத்துத் தூக்கினாள். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு கை தூரம். பாதி தூரத்தில் உருண்டை அவிழ்ந்தது. மெல்ல நீண்டு, அவள் மணிக்கட்டைச் சுற்றியது. குளியல் தொட்டியில் மற்றது சுற்றிய அதே இடம்.

அவள் உடம்பு பூட்டிக்கொண்டது.

அடுத்த வீட்டில் இபு குஸ்தினா தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. குடம் நிரம்பி வழியும் சத்தம், குழாயை மூடும் சத்தம். இன்னொரு குடம். வெனிங்கின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணுக்குள் போயிற்று. அவள் இமைக்கவில்லை. எந்தப் பக்கமும் எதுவும் அசையாததால் கிளெப்போன் தலையை நீட்டியது. ஒரு கிளையில் இருப்பது போல அவள் மணிக்கட்டில் இருந்துகொண்டு நாக்கை நீட்டியது. ஜன்னல் வழியாக வந்த காற்றைத் தொட்டது, அவள் விரலைத் தொட்டது. சின்ன இறுக்கம் ஒன்று மணிக்கட்டில் வந்து வந்து தளர்ந்தது. விழுந்துவிடாமல் இருக்க அது அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்த பிறகும் பயம் குறையவில்லை. ஆனால் கை இறங்கியது. ஒரு விரற்கடை, பிறகு இன்னொன்று. புதுப் பெட்டியின் காகிதம் புறங்கையில் பட்டதும் பாம்பு தானாகவே வழிந்து இறங்கிச் சிரட்டைக்குள் போய்விட்டது.

வெனிங் மூடியைப் போட்டாள். நான்கு கொக்கிகள். பிறகு குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

பன்னிரண்டு முடிச்சுகளையும் பழைய பெட்டியையும் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, அட்டையைப் புதுப் பெட்டியில் ஒட்டி, குறிப்புப் பத்தியில் எழுதினாள்: நான்காம் நாளிலிருந்து முப்பத்திரண்டாம் நாள்வரை துளைகளில் பாச்சை உருண்டை, பன்னிரண்டு. வைத்தது நான். பயத்தால்.

அந்த இரண்டு இரவும் அவள் தூங்கினாள் என்று சொல்ல முடியாது. கட்டிலின் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திறந்த ஜன்னல், திறந்த துளைகள். கண் அசந்த போதெல்லாம் காலில் ஏதோ ஏறியது. டார்ச் அடித்துப் பார்த்தால் போர்வை. ஒருமுறை பெட்டிக்குள் காகிதம் சரசரத்தது. அவள் விடியும்வரை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவலி மட்டும் போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கடையில் நாள் முழுக்கக் கையுறை போட்டு வேலை செய்தாள். வீட்டுக்கு வந்து சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் முழங்கைவரை கழுவினாள். எலியைச் சூடாக்கினாள், துடைத்தாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஓய்ந்தது. மூடியைத் திறந்து, இடுக்கியை நீட்டி, நின்றாள்.

சிரட்டையின் அடியில் தலை வந்தது. நாக்கு வந்தது. போயிற்று. மறுபடி வந்தது. இந்த முறை தலை பின்வாங்கவில்லை. கழுத்து மெதுவாக மடிந்து மடிந்து பின்னால் இழுத்துக்கொண்டது. அது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். எலிக்கும் அவள் விரலுக்கும் நடுவே இரண்டடிதான். இடுக்கியை விட்டுவிட்டு ஓடு என்று ஒவ்வொரு நரம்பும் சொல்லியது. கால் ஓடவில்லை. வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. இடுக்கியின் நுனிகூட ஆடவில்லை.

அது பாய்ந்ததை அவள் பார்க்கவில்லை. இடுக்கி ஒருமுறை வெட்டி இழுபட்டது. பார்க்கும்போது எலி இல்லை. எலி இருந்த இடத்தில் ஒரு சுருள் இருந்தது. சுருளுக்குள்ளிருந்து ஒரு வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு அது தாடையைத் திறந்தது. இவ்வளவு சின்னத் தலைக்குள் இவ்வளவு பெரிய வாயா என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பார்க்கப் பிடிக்கவில்லை. பார்வையை எடுக்கவும் முடியவில்லை. வால் கடைசியாக உள்ளே போகும்வரை இருபத்திரண்டு நிமிடம். மூடினாள், கொக்கிகளை அழுத்தினாள், அட்டையில் எழுதினாள்: முப்பத்திநான்காம் நாள். சுண்டெலி ஒன்று. சாப்பிட்டது.

அட்டையை முழுதாகப் படம் எடுத்துப் பமுஜிக்கு அனுப்பினாள். "குழாய வீட்டுலயே வெச்சிட்டேன்" என்று அவன் பதில் போட்டான். அதே படத்தைச் சேனோவுக்கும் அனுப்பினாள். செய்திக்குப் பக்கத்தில் ஒற்றை டிக் குறி, இன்னும் போய்ச் சேரவில்லை. அவன் மேட்டுக்கு வரும்வரை அது ஒற்றையாகவே இருக்கும். அவள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தாள்.

எட்டு மணிக்குமேல் கைபேசி அடித்தது. அந்தப் பக்கம் காற்று இரைந்தது. சேனோ, கிளெப்போன் சாப்பிட்டதைப் பற்றி முதலில் கேட்கவில்லை.

"அன்னிக்கு சதுக்கத்துல?"

"அன்னிக்கும் பயம்தான் மஸ். கத்த வரல, அவ்வளவுதான்."

"கல்யாணமாகியே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு வெனிங்."

"ஆமா."

"நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"தெரியும்."

"பாம்ப யாரு புதுப் பெட்டிக்கு மாத்துனது? பமுஜியா?"

"நான்தான்."

"கையாலயா?"

"கையாலதான். பயந்துகிட்டேதான்."

அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். இணைப்பு அறுந்தது. சிக்னல் போயிற்றா, அவன் வைத்தானா தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டாள், போகவில்லை. மேலே தொங்கிய படத்தைப் பார்த்தாள். தோளில் மலைப்பாம்போடு, கண் இமைக்காமல், ஒரு முடிகூட அசையாமல், யாரோ ஒருத்தி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் காகிதம் சரசரத்தது. வெனிங் எழுந்து அறை விளக்கைப் போட்டாள். கிளெப்போன் சிரட்டைக்கு வெளியே, விளக்குப் பக்கமாக நீண்டு கிடந்தது. நடு உடம்பில் ஒரு புடைப்பு.

முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது: "ரெண்டு நாளைக்குத் தொடாத, கக்கிடும். வயித்தோட ஒரு படம் எடுத்து அனுப்பு." இரண்டாவது: "படத்துல நீயும் பக்கத்துல இரு."

அவள் பெட்டியின் அருகில் தரையில் உட்கார்ந்தாள். மூடியை எடுத்துவிட்டு, முகத்தை எவ்வளவு கிட்டக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டக் கொண்டுபோனாள். கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். பாம்பு அசையவில்லை. அவள் கைதான் ஆடியது. படத்தில் கிளெப்போனின் புடைப்பு தெளிவாக விழுந்திருந்தது. பக்கத்தில் அவள் முகம் கலங்கலாக, கண் பாதி மூடி, வாய் கோணி, பயம் அப்பட்டமாகத் தெரிய இருந்தது. இன்னொன்று எடுக்கலாமா என்று யோசித்தாள்.

மூடியைப் போட்டு, நான்கு கொக்கிகளையும் அழுத்திவிட்டு, அந்தப் படத்தையே அனுப்பினாள்.